போனக்காட்டு ஆல்ரவுண்டர்

அவள் வீசி நான் பிடிக்கப் போன முதல் பந்து என் வலது கை மோதிர விரலின் நுனியில் பட்டது. அந்த விரல் இன்றும் கொஞ்சம் வளைந்தேதான் இருக்கிறது. ஆபீசில் புதிதாகச் சேருகிறவர்கள் யாராவது அதைப் பார்த்துவிட்டு என்ன ஆயிற்று என்று கேட்பார்கள். கிரிக்கெட் என்பேன். நம்பமாட்டார்கள். கிழக்கேகோட்டைக்குப் பக்கத்தில் அக்ரஹாரத் தெருவில் பிறந்து, ஆடிட்டர் ஆபீசில் வரவுசெலவு பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தி, மாவட்டப் பெண்கள் அணிக்கு விக்கெட் கீப்பராக நின்றவள் என்றால் எனக்கே சில நாள் நம்பிக்கை வருவதில்லை.

அன்று அணிக்குப் புதிய ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நாள். நான் ஏற்கெனவே அணியில் இருந்ததால் ஸ்டம்புக்குப் பின்னால் நின்று பந்து பிடித்துப் போடும் வேலை எனக்கு. காலையிலிருந்து ஒவ்வொருத்தியாக வந்து வீசிவிட்டுப் போனார்கள். மதிய வெயிலில் கோச் சார் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, இனி போதும் என்று எழுந்திருக்கும் நேரத்தில் கேட்டைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் ஓடி வந்தாள். ஒல்லியான, உயரமான பெண். பள்ளிக்கூடத்து நீலப் பேண்ட், சாயம் போன கான்வாஸ் ஷூ.

"சாரே, போனக்காட்டுலேந்நு வருகயாணு. வழியில் ஆன நின்னு. பஸ் அனங்ஙியில்ல."

போனக்காடு மலைமேல் இருக்கிற தேயிலைத் தோட்டம். அங்கிருந்து வித்துராவுக்கு இறங்கி, அங்கே பஸ் மாறி நகரத்துக்கு வர வேண்டும். வழியில் யானை நின்றுவிட்டால், அது போகிறவரை பஸ் நகராது. இப்படி ஒரு தாமதக் காரணத்தைக் கோச் சார் அதற்கு முன்னால் கேட்டிருக்க மாட்டார். சிரித்துவிட்டார்.

"செரி. ஒண்ணு பற. பேட்டிங்கோ, பௌலிங்கோ?"

"ரண்டும், சாரே."

"ஒண்ணு பறயான் பறஞ்ஞு." ஒன்றை மட்டும் சொல்லச் சொன்னார்.

"ஃபீல்டிங்கும் உண்டு" என்றாள். அதில் கர்வம் எதுவும் இல்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டால் இருப்பதைச் சொல்வார்களே, அப்படிச் சொன்னாள்.

நான் வழக்கமான தூரத்தில் குந்தி உட்கார்ந்தேன். அவள் ஓடி வந்தது அதிக தூரமில்லை. ஆனால் கை மிக உயரத்திலிருந்து இறங்கியது. தரையில் பட்டதும் பந்து வேகம் குறையும் என்று என் உடம்பு பழகியிருந்தது. இந்தப் பந்து தரையில் பட்ட பிறகுதான் கிளம்பியது போல இருந்தது. விரலில் பட்டதும் நான் "ஐயோ அம்மா" என்று தமிழில் கத்திவிட்டேன்.

"சேச்சி, வேதனிச்சோ?" என்று ஓடி வந்தவள் பாதியிலேயே மலையாளத்தை விட்டுத் தமிழுக்கு மாறினாள். "அக்கா தமிழா? ஐயோ, ரொம்ப நோவுதாக்கா? கையப் பச்சத்தண்ணில விடுங்க, வீங்கிரும்."

அணியில் ஏற்கெனவே அவள் பெயரில் இருவர் இருந்தார்கள். அதனால் அடுத்த வாரமே அவள் எல்லோருக்கும் போனக்காடு ஆகிவிட்டாள். "போனக்காடே, ஓடு" என்று கோச் சார் கத்துவார். புதிதாகக் கேட்கிறவர்களுக்கு ஏதோ ஊரை விரட்டுகிற மாதிரி இருக்கும்.

நான் பார்த்த ஆட்டக்காரிகள் எல்லோருக்கும் ஒரு நாளில் ஒரு காரியம்தான். அது கெட்டால் நாள் கெட்டது. முதல் பந்தில் அவுட்டான பெண்கள் அன்று முழுவதும் முகம் தொங்கி நிற்பதையும், கைக்கு வரும் பந்தை விடுவதையும் பார்த்திருக்கிறேன். கொல்லத்தில் ஒரு ஆட்டத்தில் போனக்காடு ரன் எதுவும் எடுக்காமல் அவுட்டானாள். தவறான தீர்ப்பு என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். வந்து பேடைக் கழற்றினாள், ஒரு வாழைப்பழம் சாப்பிட்டாள். அடுத்த பாதியில் புதுப் பந்தை வாங்கி, அவர்களுடைய முதல் மூன்று பேரையும் மூச்சு விடுவதற்குள் அனுப்பிவைத்தாள்.

பஸ்ஸில் திரும்பும்போது நான் சொன்னேன். "உனக்கு நல்லது. ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கு. ஒரு நாளைக்கு மூணு சான்ஸ்."

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "மூணு பேடியும் உண்டுக்கா. நீங்க எல்லாம் ஒரு தடவ பயந்தா போதும். நான் காலத்தே பயந்து, உச்சைக்கும் பயந்து, வைகுந்நேரமும் பயக்கணும்."

காலை, மதியம், மாலை என்று மூன்று வேளைக்கும் பயம் இருக்கிறது என்று அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. வெளியே அது தெரிந்ததே இல்லை.

என் அப்பா கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கென்று ஒரு ஆல்ரவுண்டர் உண்டு. அப்பா இளைஞராக இருந்த காலத்தில் உலகத்தையே ஆட்டிவைத்த மனிதர். அந்த மனிதர் வீசியது, அடித்தது, பின்னால் ஓடிப் பிடித்தது என்று ஒவ்வொன்றும் அப்பாவுக்கு மனப்பாடம். காபி ஆறிப்போகும் வரை சொல்வார். அந்த மனிதரைப் பார்ப்பதற்காகவே கல்யாணத்துக்கு முன்னால் மதராசுக்கு ரயிலேறிப் போனவர். ஆனால் மகள் விளையாடும் மைதானம் ஆட்டோவில் போகும் தூரத்தில் இருந்தும் அதுவரை ஒரு நாளும் வந்ததில்லை.

"நீ பின்னாடி குத்தவெச்சு ஒக்காந்துண்டிருப்பே. அதுல பாக்கறதுக்கு என்னடீ இருக்கு?" என்பார்.

நான் போனக்காடைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் பேப்பரை இறக்காமலே கேட்பார். "ரெண்டும் பண்றவாள்லாம் ஆல்ரவுண்டர் ஆயிட மாட்டா. ரெண்டுலயும் தனித்தனியா டீம்ல எடம் கெடைக்கணும். அதாக்கும் ஆல்ரவுண்டர்."

அப்பா சொன்ன அளவுகோலில் அவள் தேறுவாள் என்று எனக்குத் தெரியும். மாநில அணியின் பயிற்சி முகாமுக்கு அவளைக் கூப்பிட்டபோது அது மற்றவர்களுக்கும் தெரிந்தது. அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் அவள் முதுகு பிடித்துக்கொண்டது. முதலில் தைலம் தேய்த்தோம். பிறகு குனிய முடியவில்லை. படம் எடுத்துப் பார்த்த டாக்டர், முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் என்றார். ஓய்வு எடுத்தால் எலும்பு சேர்ந்துவிடும், ஆனால் வேகமாகப் பந்து வீசுவதை மறந்துவிடுவது நல்லது என்றார். முகாம் அவள் இல்லாமல் நடந்தது.

அவள் மலைக்குப் போய்விட்டாள். போனில் கிடைக்கவில்லை. அங்கே டவர் கிடைப்பதே அபூர்வம். மாதங்கள் போயின. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கிளம்பினேன். வித்துராவில் மலைபஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது ஆரஞ்சு வாங்கினேன். போகிற வழியெல்லாம் என்ன ஆறுதல் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனேன். பேட்டிங் இருக்கிறதே, அதுவே போதுமே என்று தொடங்கலாம். அது பொய் என்று அவளுக்குத் தெரியும். வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

தோட்டத் தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் அவளுடைய அம்மாதான் இருந்தார். கொழுந்து பறிக்கப் போட்டுக்கொள்ளும் பழைய சட்டையோடு, காலில் ஒட்டியிருந்த அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தார். என்னை உட்காரச் சொல்லிப் பால் விடாத கட்டன்சாயா கொடுத்தார்.

"நல்லா பாத்துச் சொல்லுங்க மோளே. இவளுக்கு முதுகு போச்சுன்னு எல்லாரும் பறயுறாங்க. இவ கேக்க மாட்டேங்குறா. பின்னயும் பந்தும் எடுத்துட்டுப் போயிட்டா."

லயத்துக்குப் பின்னால் போனேன். அவள் ஆடி வளர்ந்த மைதானத்தை அன்றுதான் முதலில் பார்த்தேன். மைதானம் என்று சொல்ல முடியாது. மலைச்சரிவில் கொஞ்சம் குறைவாகச் சரிந்த இடம், அவ்வளவுதான். ஒரு பக்கம் பந்தை அடித்தால் தேயிலைச் செடிக்குள் உருண்டு எங்கேயோ கீழே போய்விடும். அடித்தவர்தான் போய் எடுத்து வர வேண்டும் என்பது சட்டமாம். அவள் ஏன் எப்போதும் மட்டையை நேராகவே வைத்து ஆடினாள் என்பது எனக்கு அங்கே நின்றபோது புரிந்தது. கீழேயிருந்து மேலே விக்கெட்டுக்குப் பந்தை எறிந்து எறிந்து அந்தத் தோள் வந்திருக்கிறது. மொத்தமே ஆறேழு பேர்தான் ஆடுவார்களாம். அதில் பேட்டிங் மட்டும் செய்வேன் என்று ஒருவர் சொன்னால் ஆட்டமே நடக்காது.

தேயிலைக் கம்புகள் மூன்றை நட்டுவைத்து அவள் பந்து வீசிக்கொண்டிருந்தாள். ஓடி வரவில்லை. நாலு எட்டு நடந்து, கையை மட்டும் சுற்றி, மெதுவாக. பந்து காற்றில் தொங்கி இறங்கி, ஒரு பக்கம் குத்தி இன்னொரு பக்கம் திரும்பியது.

"அக்காவா!" என்று திரும்பிப் பார்த்தாள். முகத்தில் துக்கமே இல்லை. "செரியான நேரத்துக்கு வந்தீங்க. பின்னாடி நில்லுங்க. பிடிக்க ஆளில்லாம நானே ஓடி ஓடிப் பொறுக்குறேன்."

"டாக்டர் என்ன சொன்னார்? நீ என்ன பண்ணிட்டிருக்கே?"

"வேகமா போடாதேன்னு பறஞ்சாரு. அப்போ ஸ்பின் போடலாமான்னு கேட்டேன். எலும்பு சேந்தப்புறம் மெதுவா தொடங்குன்னாரு. போன மாசம் மறுபடி படம் எடுத்துப் பாத்து, செரி, தொடங்கிக்கோன்னாரு." கையில் பந்தை உருட்டினாள். "வேகம் போச்சுன்னு அழுது கரஞ்சுட்டே இருந்தா வேகம் வருமாக்கா?"

ஆரஞ்சுப் பையைப் புல்லில் வைத்துவிட்டுக் கம்புகளுக்குப் பின்னால் குந்தினேன். முதல் பந்து என்னை ஏமாற்றிக் காலுக்குப் பக்கத்தில் போனது. இரண்டாவதும் போனது. நான் சிரித்துவிட்டேன். ஆறுதல் சொல்ல வந்தவள் மூடுபனி இறங்கும்வரை அங்கே பந்து பிடித்துக்கொண்டிருந்தேன். நல்ல பந்து எது, கெட்ட பந்து எது என்று அவள் ஒவ்வொரு தடவையும் கேட்டாள். கெட்டது என்று நான் சொன்னதை விட்டுவிட்டு, நல்லது என்று சொன்னதை மறுபடி மறுபடி வீசினாள்.

அடுத்த சீசனில் அவள் அணிக்குத் திரும்பினாள். கோச் சாருக்கு நம்பிக்கை இல்லை. பேட் மட்டும் செய்யட்டும் என்றார். ஒரு ஆட்டத்தில் எங்கள் சுழற்பந்துக்காரிக்குக் காய்ச்சல். வேறு ஆள் இல்லாததால் அவளிடம் பந்தைக் கொடுத்தார்கள். அதன் பிறகு யாரும் அவளிடமிருந்து பந்தைத் திருப்பி வாங்கவில்லை.

நான் சொல்ல வந்தது மாவட்டங்களுக்கிடையிலான இறுதி ஆட்டத்தைப் பற்றி. நகரத்திலேயே நடந்தது. அன்றுதான் அப்பா முதல்முறையாக வந்தார். அதிசயமாக அவளுடைய அம்மாவும் லீவு போட்டு வந்திருந்தார். தன் மகள் ஆடி ஒரு ஆட்டம்கூட அவர் பார்த்ததில்லை. அங்கே இருவருக்கும் வேறு யாரையும் தெரியாததால், மாமரத்தடியில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்துவிட்டுப் போனேன்.

முதலில் நாங்கள் பேட்டிங். ராத்திரி பெய்த மழையில் பிட்ச் ஈரம். ஒருத்தி பின் ஒருத்தியாக அவுட்டாகித் திரும்பி வந்துகொண்டே இருந்தார்கள். கடைசி ஆளாக நான் உள்ளே போனபோது, நிமிர்ந்து பார்க்கும்படியான ஸ்கோர் இல்லை. மறுமுனையில் அவள் நின்றாள். என் பேட்டிங் எப்படிப்பட்டது என்பது எதிரணிக்கும் தெரியும். நான் வந்ததைப் பார்த்துக் களத்தில் எல்லோரும் சாப்பாட்டுக்குக் கிளம்பத் தயாரானார்கள்.

"அக்கா, ஒண்ணும் செய்யண்டாம்" என்றாள். "நேரா வர்றத மட்டும் தடுங்க. நான் ஓடுன்னு சொன்னா எதுக்குன்னு கேக்காம ஓடுங்க. பாக்கி நான் பாத்துக்கறேன்."

ஓவரின் முதல் பந்துகளில் அவள் அடித்தாள். கடைசிப் பந்தில் ஒற்றை ரன் ஓடி மறுபடியும் தானே பந்தைச் சந்திக்கும்படி பார்த்துக்கொண்டாள். ஈரப் பிட்சில் மற்றவர்கள் முன்னால் போய்த் தடுமாறிய இடத்தில் அவள் பின்காலில் போய், பந்து திரும்பி முடிந்த பிறகு தட்டினாள். நான் பெரும்பாலும் எதிர்முனையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு அருகிலிருந்து அந்த ஆட்டத்தைப் பார்த்தது நான் ஒருத்திதான். கடைசியில் நான்தான் அவுட்டானேன். அவள் அவுட்டாகவில்லை. ஜெயிக்கும் ஸ்கோர் இல்லை, ஆனால் சண்டை போடும் ஸ்கோர் ஆகியிருந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் மாமரத்தடிக்குப் போனேன். அப்பா நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். அவளுடைய அம்மாவுக்கு கிரிக்கெட் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"இப்போ பேட் பண்ணினாளா, அடுத்தாப்ல பந்து போடுவள். நடுவுல பந்து வந்தாப் பிடிப்பள். எல்லாம் அவளாக்கும். கேட்டேளா?"

அந்த அம்மா யோசித்தார். "அடிக்கிறதும் இவ, போடுறதும் இவ, பிடிக்கிறதும் இவன்னா, பின்ன மத்த பத்துப் பேரு எதுக்கு சாரே?"

இந்தக் கேள்வியை அப்பா பிற்பாடு எங்கள் தெருவில் சொல்லாத வீடு இல்லை.

எதிரணி நன்றாகவே தொடங்கியது. வெற்றி அவர்கள் பக்கம் சாய்ந்துகொண்டிருந்த நேரத்தில், ஒருத்தி உயரமாக அடித்த பந்து யாருமில்லாத இடத்துக்குப் போனது. போனக்காடு மிட்-ஆஃபிலிருந்து பந்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினாள். தோளுக்கு மேலாக ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் முன்னால் நீட்டினாள், பந்து அதில் வந்து விழுந்தது. மாமரத்தடியிலிருந்து முதலில் கேட்ட கைதட்டல் அப்பாவுடையது.

பிறகு பந்து அவள் கைக்கு வந்தது. ரன்கள் நின்றன. ரன் நின்றால் பொறுமை போகும், பொறுமை போனால் விக்கெட் போகும். அவர்களுடைய கடைசி ஜோடி நின்றபோது, ஒரு நல்ல அடி அடித்தால் ஆட்டம் அவர்களுக்கு. பேட் செய்த பெண் நன்றாக ஆடக்கூடியவள். ஷூ நுனியால் தரையைத் தட்டுவது பின்னால் குந்தியிருந்த எனக்குத் தெரிந்தது. இறங்கி வந்து அடிக்கப்போகிறாள். போனக்காடுக்கு எப்படிச் சொல்வது? சொன்னால் அந்தப் பெண்ணுக்கும் கேட்கும்.

சொல்ல வேண்டியிருக்கவில்லை. கை சுற்றி வரும்போதே அந்தப் பெண் நகர்ந்ததைப் போனக்காடு பார்த்துவிட்டாள். பந்தைக் கொஞ்சம் வெளியே தள்ளி, கொஞ்சம் வேகமாக விட்டாள். அது திரும்பவில்லை, நேராக வந்தது. மட்டை காற்றை வெட்டியது. பந்து என் கிளவுஸில் அடங்கியது. நான் ஸ்டம்பைத் தட்டிப் பெயில்ஸ் பறந்தபோது அந்தப் பெண் கோட்டுக்கு ஒரு கை தூரத்தில் இருந்தாள்.

எல்லோரும் அவள் மேல் போய் விழுந்தார்கள். அவள் அந்தக் கும்பலுக்குள்ளிருந்து கையை நீட்டி என் கிளவுஸைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

வீட்டுக்குப் போகும் ஆட்டோவில் அப்பா என் ஸ்டம்பிங்கைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். கோட்டைவாசல் தாண்டியபோது வாயைத் திறந்தார்.

"அந்தக் கேட்சு பிடிச்சாளே... பின்னாடி ஓடிண்டே... நேக்கு மதராசு ஓர்மை வந்துடுத்து."

அதைவிடப் பெரிய பட்டம் அப்பாவிடம் கிடையாது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஆனால் மறுக்க முடியவில்லை.

அந்த வருஷம் அவள் மாநில அணிக்கு ஆடினாள், அடுத்த வருஷமும் ஆடினாள். அதற்கு மேலே கூப்பிடுவார்கள் என்று எல்லோரும் எதிர்பார்த்தோம். கூப்பிடவில்லை. அவளைவிட நன்றாக ஆடியவர்கள் இருந்திருப்பார்கள். நான் பார்த்ததில்லை. விளையாட்டு ஒதுக்கீட்டில் நகரத்தில் அரசு வேலை கிடைத்தது. அம்மாவை வித்துராவில் ஒரு வாடகை வீட்டுக்கு இறக்கிக்கொண்டு வந்துவிட்டாள். கல்யாணமும் ஆயிற்று. எனக்கு முழங்கால் போய், நான் குந்துவதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது. அவள் இன்னும் தன் ஆபீஸ் அணிக்கு ஆடுகிறாள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போயிருந்தேன். அன்று அவள் சீக்கிரமே அவுட்டானாள். இளைய பெண்களுக்கு வாய்ப்புக் கொடுப்பதற்காக, பந்தும் கொஞ்ச நேரம்தான் வீசினாள், விக்கெட் இல்லை. மிச்ச நேரமெல்லாம் பாயிண்டில் நின்றாள். அங்கே வந்த பந்து எதுவும் அவளைத் தாண்டவில்லை. அடித்தவர்கள் ஓட நினைத்து, பந்து யாரிடம் போகிறது என்று பார்த்துவிட்டு நின்றார்கள். அப்படி ஓடாமல் போன ரன்களை யாரும் எழுதி வைப்பதில்லை. அவர்கள் அணி ரொம்பக் கொஞ்சத்தில் ஜெயித்தது. ஐம்பது அடித்த பெண்ணைச் சுற்றி நின்று எல்லோரும் போட்டோ எடுத்தார்கள்.

அவள் வேர்வையைத் துடைத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

"கண்டீங்களாக்கா?"

"எல்லாம் கண்டேன்" என்றேன்.

"அப்போ வாங்க, சாயா குடிக்கலாம். விசந்நு சாகுது, வயிறு காலி" என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.